மலை வீட்டு ஸ்டீரியோவுக்கு ப்ரீஆம்ப்: ஸ்பீக்கரிலிருந்து தொடங்குங்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஸ்டீரியோ செட் போட ஆசைப்படும் யாரும் முதலில் கேட்பது, "ப்ரீஆம்ப் போட்டா சத்தம் கூடுமாங்க?" என்பதுதான். கூடாது. உங்கள் அறையில் அதிகபட்சம் எவ்வளவு சத்தம் வரும் என்பது ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டியான பவர் ஆம்பும் ஸ்பீக்கரும் தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளும் விஷயம். ப்ரீஆம்பின் வேலை அதற்கு முந்தையது. சிடி பிளேயர், ரேடியோ ட்யூனர், இசைத்தட்டு, போன் என்று பல இடங்களிலிருந்து வருவதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அளவைக் கூட்டிக் குறைத்து, பவர் ஆம்புக்குச் சிதையாமல் கொடுப்பது. ஸ்பீக்கர் ஒயர் ப்ரீஆம்பைத் தொடுவதே இல்லை.

அப்படியானால் ஸ்பீக்கருக்கு ஏற்ற ப்ரீஆம்ப் என்று தேடுவது வீண் வேலையா? இல்லை. பொருத்தம் உண்டு, ஆனால் சுற்றி வருகிறது. ஸ்பீக்கரில் தொடங்கி, பவர் ஆம்ப் வழியாகப் பின்னோக்கி நடந்தால்தான் எப்படிப்பட்ட ப்ரீஆம்ப் வேண்டும் என்று தெரியும். கடைக்காரர் ப்ரீஆம்பிலிருந்து பேச்சை ஆரம்பிப்பார். நீங்கள் ஸ்பீக்கரிலிருந்து ஆரம்பியுங்கள். மலையில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதலாகச் சில கவலைகளும் உண்டு: சின்ன அறை, பலகைத் தரை, ஓதம், மழைக்காலத்தில் போய்ப் போய் வரும் கரன்ட். அவற்றையும் வருகிற இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதல் படி: உங்களுக்கு ப்ரீஆம்ப் தேவையா?

பலருக்குத் தேவையில்லை. இன்டகிரேட்டட் ஆம்ப் என்று விற்கப்படுவதற்குள் ப்ரீஆம்ப், பவர் ஆம்ப் இரண்டுமே இருக்கின்றன. கொல்கத்தாவின் சோனோடைன் போன்ற கம்பெனிகளின் பழைய செட் வீட்டில் இருந்தால் அதற்குள்ளும் ப்ரீஆம்ப் இருக்கும். முன்னால் வால்யூம் குமிழும் பின்னால் ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் இடமும் ஒரே பெட்டியில் இருந்தால் வேறு எதுவும் வாங்க வேண்டாம், இந்தக் கட்டுரையில் இசைத்தட்டு பற்றிய பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போகலாம்.

உங்களிடம் இருப்பது ஆக்டிவ் ஸ்பீக்கர், அதாவது ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே ஆம்ப் இருக்கும் வகை என்றால், அப்போதும் யோசியுங்கள். போனிலோ லேப்டாப்பிலோ மட்டும் பாட்டுக் கேட்பவருக்கு வால்யூம் கன்ட்ரோல் உள்ள ஒரு டாக் போதும். டாக் என்பது டிஜிட்டலை ஒலி மின்சாரமாக மாற்றும் சின்னப் பெட்டி. ப்ரீஆம்பின் வேலையை அதுவே பார்த்துவிடும்.

தனி பவர் ஆம்ப் வைத்திருக்கிறீர்கள், அல்லது ஆக்டிவ் ஸ்பீக்கருக்கு ட்யூனர், சிடி, தட்டு என்று மூன்று நான்கு இணைப்புகள் வேண்டும், அல்லது சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கிய போர்டுகளை வைத்து நீங்களே செட் அசெம்பிள் செய்கிறீர்கள். இந்த மூன்றில் ஒன்று என்றால் மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: ஸ்பீக்கரின் முதுகைப் படியுங்கள்

ஸ்பீக்கரின் பின்புறத்திலோ கூட வந்த தாளிலோ இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று இம்பிடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு, பெரும்பாலும் 4, 6 அல்லது 8 ஓம். இன்னொன்று சென்சிட்டிவிட்டி, 86 டெசிபெல், 90 டெசிபெல் என்று. ஒரு வாட் மின்சாரம் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் கேட்கும் என்பதே சென்சிட்டிவிட்டி.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல கம்பெனிகள் ஒரு வாட் என்று எழுதாமல் 2.83 வோல்ட் என்று எழுதும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் ஒரு வாட், சரி. 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே 2.83 வோல்ட் இரண்டு வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட்டுக்கு 89 என்று போட்டிருந்தால், உண்மையில் அது ஒரு வாட்டுக்கு 86தான். மூன்று டெசிபெல்லுக்கு இரட்டிப்பு வாட் என்பது இந்தத் தொழிலின் வாய்ப்பாடு. பத்து டெசிபெல்லுக்குப் பத்து மடங்கு வாட். காதுக்கோ அந்தப் பத்து டெசிபெல் ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத்தான் படும்.

அப்புறம் நாற்காலியிலிருந்து ஸ்பீக்கர் வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். குளிருக்கு ஜன்னலைச் சாத்தி வைக்கும் நம் அறைகள் பத்தடிக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டுக்குப் பதினான்கு என்றுதான் இருக்கின்றன. எட்டடிக்கு மேல் தள்ளி உட்கார இடம் இருக்காது. பழைய துரை பங்களாவில் குடியிருப்பவர்களின் கதை வேறு.

மூன்றாம் படி: ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை போட்டுவிட்டால் கடையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

ஸ்பீக்கர் 86 டெசிபெல், 8 ஓம். எட்டடி தூரம், அதாவது சுமார் இரண்டரை மீட்டர். தூரத்தால் 8 டெசிபெல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூடும். ஊட்டியில் இருப்பவர்கள் இன்னும் ஒரு 2 டெசிபெல் கழித்துக்கொள்ள வேண்டும். ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஸ்பீக்கரின் கூம்பு அதே அளவுதான் ஆடும், தள்ளுவதற்குக் காற்றுதான் கொஞ்சம். கோவைக் கடையில் கேட்ட சத்தம் வீட்டில் வரவில்லை என்று சிலர் சொல்வதில் இதற்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. கோத்தகிரி, குன்னூர் ஊட்டியைவிடத் தாழ்வு, அங்கே இந்தக் கழிவும் கொஞ்சம் குறையும்.

ஆக 86-லிருந்து 8 போய், 3 வந்து, 2 போனால் 79. ஒரு வாட்டுக்கு உங்கள் காதுக்கு 79 டெசிபெல். சுவர்களில் பட்டுத் திரும்புவது இதோடு கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், கையிருப்பாக இருக்கட்டும்.

தவில் அடி விழும்போதும் ஆர்கெஸ்ட்ரா உச்சத்துக்குப் போகும்போதும் 95 டெசிபெல் போதும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு அது தாராளம். 79-லிருந்து 95-க்கு 16 டெசிபெல். வாட்டில் சொன்னால் 40 மடங்கு, எனவே 40 வாட். 8 ஓமில் 40 வாட் என்றால் ஸ்பீக்கர் முனையில் ஏறக்குறைய 18 வோல்ட்.

இப்போது பவர் ஆம்புக்கு வாருங்கள். பெரும்பாலான பவர் ஆம்ப்களின் கெயின், அதாவது பெருக்கும் அளவு, 26 முதல் 29 டெசிபெல் வரை இருக்கும். வாட்டில் பத்து மடங்குக்கு 10 டெசிபெல் என்றால், வோல்ட்டில் பத்து மடங்குக்கு 20 டெசிபெல். 26 டெசிபெல் என்றால் உள்ளே வரும் வோல்ட்டை 20 மடங்காக்கி வெளியே விடும். 18 வோல்ட் வேண்டுமென்றால் உள்ளே 0.9 வோல்ட் போதும்.

சிடி பிளேயரோ டாக்கோ தன் உச்சத்தில் தருவது எவ்வளவு? 2 வோல்ட். இது ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளும் பின்பற்றும் வழக்கம்.

புரிகிறதா? உங்களுக்குத் தேவை 0.9 வோல்ட், வருவதோ 2 வோல்ட். ப்ரீஆம்ப் பெருக்க வேண்டிய வேலையே இல்லை, குறைக்க வேண்டிய வேலைதான் இருக்கிறது. 7 டெசிபெல் குறைக்க வேண்டும், அதுவும் உச்சகட்டச் சத்தத்தில். ராத்திரி குழந்தை தூங்கும்போது இன்னும் 20 டெசிபெல் இறக்கிக் கேட்பீர்கள், அப்போது 27 டெசிபெல் குறைக்க வேண்டும்.

நான்காம் படி: கெயின் எவ்வளவு?

இங்கேதான் புதிதாக வாங்குபவர்கள் பணத்தைக் கொட்டி வம்பை வாங்குகிறார்கள். "இதோட கெயின் எவ்வளவுங்க?" என்று கோவையில் ஒரு கடையில் கேட்டதற்கு, "செம பூஸ்ட் ஆகும்ங்க சார், கவலையே வேண்டாம்" என்றார் கடைப் பையன். கவலைப்பட வேண்டியதே அதற்குத்தான்.

20 டெசிபெல் கெயின் உள்ள ப்ரீஆம்ப் வாங்கினீர்கள் என்று வையுங்கள். பத்து மடங்கு பெருக்கும். முன்பு 27 டெசிபெல் குறைத்தது போக இந்த 20-ஐயும் சேர்த்துக் குறைக்க வேண்டும், மொத்தம் 47. குழாயை முழுக்கத் திறந்துவிட்டு வாயைக் கையால் பொத்துவது போல. சாதாரண வால்யூம் குமிழ் பாதி தூரம் திரும்பியிருக்கும்போதே 15, 20 டெசிபெல்தான் குறைத்திருக்கும். 47 குறைய வேண்டுமென்றால் குமிழ் அடிமட்டத்தில், கடிகார முள்ளாகப் பார்த்தால் ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் எங்கோ நிற்கும். அந்த இடத்தில் இரண்டு கெட்ட விஷயங்கள் நடக்கின்றன.

ஒன்று, மயிரிழை திருப்பினாலும் சத்தம் எகிறும், மயிரிழை குறைத்தால் பாட்டே காணாமல் போகும். இன்னொன்று இதைவிட மோசம். வால்யூம் குமிழுக்குள் இடது, வலது என்று இரண்டு கரிப் பட்டைகள் இருக்கின்றன. மேலே திருப்பி வைத்திருக்கும்போது இரண்டும் ஒத்துப் போகும், அடியில் ஒத்துப் போகாது. இரண்டு மூன்று டெசிபெல் வித்தியாசம் சாதாரணமாக வரும். விளைவு, நடுவில் நின்று பாட வேண்டிய பாடகர் இடது ஸ்பீக்கரில் போய் ஒட்டிக்கொள்வார். மெதுவாக வைத்துக் கேட்கும்போதுதான் இது நடக்கும், சத்தமாக வைத்துக் காட்டும் கடையில் தெரியவே தெரியாது.

சென்சிட்டிவிட்டி அதிகமான ஸ்பீக்கர் என்றால் நிலைமை இன்னும் கடுமை. ஹார்ன் வைத்த 98 டெசிபெல் ஸ்பீக்கருக்கு மேலே போட்ட அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 95 டெசிபெல் உச்சத்துக்கு இரண்டரை வாட் போதும், பவர் ஆம்புக்குள் 0.22 வோல்ட் போதும். உச்சத்திலேயே 19 டெசிபெல் குறைக்க வேண்டும். கெயின் 20 உள்ள ப்ரீஆம்ப் என்றால் 39. அதோடு, ப்ரீஆம்பின் சொந்த இரைச்சல் ஒன்று எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். வால்யூமுக்குப் பின்னால் உள்ள பகுதியிலிருந்து வருவது குமிழைத் திருப்பினாலும் குறையாது. 86 டெசிபெல் ஸ்பீக்கரில் அது காதில் விழாது. 98-ல் பாட்டு நின்றதும் ஸ்ஸ்ஸ் என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

எனவே என் கருத்து இது. சிடி, டாக், ஸ்ட்ரீமர் மட்டும் என்றால், 84 முதல் 90 டெசிபெல் வரையிலான ஸ்பீக்கருக்கு 0 முதல் 6 டெசிபெல் கெயின் போதும். 95-க்கு மேல் போனால் கெயினே வேண்டாம், கூடவே கெயின் குறைந்த பவர் ஆம்ப் கிடைத்தால் இன்னும் நல்லது. ட்யூனர், பழைய டேப் டெக் போன்றவை அரை வோல்ட், சில அதற்கும் கீழேதான் தரும், போனின் ஹெட்போன் துளையும் கிட்டத்தட்ட அப்படித்தான். அவற்றை நம்பி இருப்பவர்கள் 10, 12 டெசிபெல் வரை போகலாம். அதற்கு மேல் கெயின் கேட்கும் வீட்டு ஸ்டீரியோ அபூர்வம். கெயினை மாற்றிக்கொள்ளும் சின்ன ஸ்விட்ச் பின்புறமோ அடியிலோ இருந்தால் அந்த மாடலுக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுக்கலாம், தப்பில்லை.

அசெம்பிள் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 4558 ஐசி போட்ட பேஸ்-டிரபிள் போர்டை எல்லாரும் இளப்பமாகப் பேசுவார்கள். அந்த ஐசி அவ்வளவு மோசமில்லை. போர்டை 12 வோல்ட்டில் ஓட்டி, கெயினையும் பேஸையும் முழுக்கத் திருப்பி வைப்பதால்தான் சிதைகிறது. பேஸை 10 டெசிபெல் ஏற்றினால் அந்த இடத்தில் பவர் ஆம்பிடம் பத்து மடங்கு வாட் கேட்கிறீர்கள். 4440 ஐசி போட்ட சின்னப் பவர் ஆம்ப் அதற்கு எங்கே போகும்?

ஐந்தாம் படி: இம்பிடன்ஸ் பொருத்தம்

இது சீக்கிரம் முடியும். ப்ரீஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸைப் போல் குறைந்தது பத்து மடங்கு, பவர் ஆம்பின் இன்புட் இம்பிடன்ஸ் இருக்க வேண்டும். டிரான்சிஸ்டர், ஐசி ப்ரீஆம்ப்களில் அவுட்புட் சில நூறு ஓமுக்குள்தான், பவர் ஆம்பில் இன்புட் 10 கிலோ ஓம் முதல் 100 கிலோ ஓம் வரை. கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம்.

வால்வ் ப்ரீஆம்ப், அதாவது 12ஏஎக்ஸ்7 போன்ற கண்ணாடிக் குழாய் போட்டது என்றால் கவனம். அதன் அவுட்புட் சில ஆயிரம் ஓம் வரை போகலாம். அவுட்புட்டில் ஒரு கப்பாசிட்டரும் இருக்கும். அது 0.47 மைக்ரோஃபாரட் என்று வைத்தால், 47 கிலோ ஓம் பவர் ஆம்பில் 7 ஹெர்ட்ஸ் வரை பேஸ் இறங்கும். 10 கிலோ ஓம் ஆம்பில் 34 ஹெர்ட்ஸிலேயே குறைய ஆரம்பித்துவிடும். பெரிய ஊஃபர், அதாவது பேஸுக்கான கூம்பு, உள்ள ஸ்பீக்கர் வாங்கியும் மிருதங்கத்தின் தொப்பியில் கனம் இல்லை என்று புலம்புபவர்கள் ஸ்பீக்கரை விட்டுவிட்டு இந்த இரண்டு எண்களைப் பாருங்கள். இன்னொன்று, வால்வ் ப்ரீஆம்ப் அதிர்வைப் பிடிக்கும். பலகைத் தரையில் யாராவது தொம் தொம் என்று நடந்தால் ஸ்பீக்கரில் டிங் என்று கேட்கலாம். ஆணியடித்த சுவர்ப் பலகையில் வையுங்கள்.

வால்யூம் குமிழ் மட்டும் உள்ள பாசிவ் ப்ரீஆம்பை நான் பலருக்குச் சிபாரிசு செய்வேன், மலிவு, இரைச்சல் கிடையாது. 10 கிலோ ஓம் குமிழாகப் பாருங்கள், ஒயரை ஒன்றிரண்டு மீட்டருக்குள் வையுங்கள். 50 கிலோ ஓம் குமிழும் நாலைந்து மீட்டர் ஒயரும் சேர்ந்தால் மேல் ஸ்தாயி மங்கும்.

ஆறாம் படி: இசைத்தட்டு இருந்தால்

எஸ்டேட் பங்களாக்களில் இருந்தும் வீட்டுப் பரணிலிருந்தும் எல்பி தட்டுகள் இறங்கி வருகிற காலம் இது. தட்டு முள்ளிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சின்னது. எம்எம் (நகரும் காந்தம்) வகை என்றால் சுமார் 5 மில்லிவோல்ட், எம்சி (நகரும் சுருள்) வகை என்றால் அதிலும் பத்தில் ஒன்று. எம்எம்முக்கு 40 டெசிபெல், எம்சிக்கு 60 டெசிபெல் தனியாகப் பெருக்க வேண்டும். மேலே கெயின் வேண்டாம் என்று சொன்னது இதற்குப் பொருந்தாது. இது ஃபோனோ ஸ்டேஜ் என்ற தனிப் பகுதி.

பெருக்கினால் மட்டும் போதாது. தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து, டிரபிளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். இல்லாவிட்டால் பேஸ் பள்ளங்கள் பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். திரும்ப வாசிக்கும்போது 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 19 டெசிபெல் ஏற்றி, 20 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபெல் இறக்க வேண்டும். 1954-ல் அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம் வகுத்த ஆர்ஐஏஏ அளவு அது. ப்ரீஆம்பில் ஃபோனோ என்று எழுதிய துளை இருந்தால் இதையெல்லாம் அதுவே செய்யும். அந்தத் துளையில் சிடி பிளேயரை மாட்டிவிடாதீர்கள், பயங்கரமாக அலறும்.

பேஸை 19 டெசிபெல் ஏற்றுவதில்தான் மலை வீட்டுக்குச் சிக்கல். தட்டு லேசாக வளைந்திருந்தாலும், தரைப் பலகை ஆடினாலும் காதுக்கே கேட்காத 5, 10 ஹெர்ட்ஸ் ஆட்டம் ஃபோனோ வழியாக ஏறி ஸ்பீக்கருக்குப் போகும். பாட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருக்க, ஊஃபர் கூம்பு மட்டும் பொம் பொம் என்று முன்னும் பின்னும் தள்ளாடுவதைக் கண்ணால் பார்க்கலாம். பெட்டியில் காற்றுத் துளை வைத்த பேஸ் ரிஃப்ளெக்ஸ் ஸ்பீக்கரில் இது ஆபத்து. துளையின் ஸ்ருதிக்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்த உள்ளே காற்றின் எதிர்ப்பு இருக்காது. சீல் செய்த பெட்டி ஸ்பீக்கர் தாங்கிக்கொள்ளும். ஆகவே பின்னால் துளை உள்ள ஸ்பீக்கரும் இசைத்தட்டும் வைத்திருப்பவர் சப்சானிக் ஃபில்டர், அதாவது காதுக்குக் கேட்காத இந்த ஆட்டத்தை வடிகட்டும் பகுதி, உள்ள ஃபோனோ ப்ரீஆம்பைத்தான் வாங்க வேண்டும். இதில் சமரசமே வேண்டாம். தட்டு ஓட்டும் மேசையைத் தரையில் வைக்காமல் கற்சுவரில் பிராக்கெட் அடித்துப் பலகை வையுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கொடைக்கானல்காரர்களுக்கு ஒன்று. 100.5-ல் வரும் கோடை எஃப்எம் கோபுரத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால், முள்ளிலிருந்து வரும் ஒயரில் ரேடியோ அலை ஏறி இரைச்சல் வர வாய்ப்புண்டு. இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் ஃபோனோவாக, ஒயர் குட்டையாக வாங்குங்கள். அதே ஊரில் ஒரு நல்ல ட்யூனர் வைத்திருப்பது எவ்வளவு சுகம் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏழாம் படி: டோன் கன்ட்ரோல் வேண்டுமா?

ஆடியோ பைத்தியங்கள் கூடும் இடத்தில் பேஸ், டிரபிள் குமிழ் உள்ள ப்ரீஆம்ப் என்று சொன்னாலே முகம் சுளிப்பார்கள். நான் வேண்டும் என்ற கட்சி. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் கல் சுவர் நான்கும் பேஸை வெளியே விடாது. பத்தடி நீளத்துக்கு 55 ஹெர்ட்ஸ் அருகிலும் பன்னிரண்டடிக்கு 46 ஹெர்ட்ஸ் அருகிலும் அறை குமுறும். அந்த அறையில் பேஸை மூன்று நான்கு டெசிபெல் குறைத்துக் கேட்பது பாவமல்ல. பலகைத் தரையும் பலகை உத்தரமும் உள்ள வீட்டில் இந்தக் குமுறல் குறைவு, அங்கே குமிழைத் தொடாமலே விடலாம்.

மெதுவாகக் கேட்கும்போது பேஸை ஏற்றிக் கொடுக்கும் லவுட்னஸ் பொத்தானுக்கும் இங்கே ஒரு நியாயம் இருக்கிறது. சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு பேஸ் கேட்பது வேகமாகக் குறைகிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து சொன்னது. ராத்திரி மெதுவாகக் கேட்பவர் அந்தப் பொத்தானைப் போடலாம். பகலில் மறக்காமல் எடுத்துவிடுங்கள். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது எந்தப் பொத்தானும் உதவாது, டீ போட்டுக் குடிக்கலாம்.

சப்ஊஃபர் வைக்கும் எண்ணம் இருந்தால் இரண்டு ஜோடி அவுட்புட் உள்ளதாகப் பாருங்கள். ரிமோட் தேவையா என்பது உங்கள் வயதையும் கம்பளியையும் பொறுத்தது.

எட்டாம் படி: கரன்ட்

ப்ரீஆம்ப் ஸ்பீக்கரைத் தொடாது என்று சொன்னேன். ஆனால் கொல்லும். எப்படி என்று பாருங்கள். ஸ்விட்ச் போட்டதும் ப்ரீஆம்பின் உள்ளே வோல்ட்டேஜ் நிலைக்கு வரச் சில நொடிகள் ஆகும். அதுவரை அவுட்புட்டில் ஒரு பெரிய உதை வரும். பவர் ஆம்ப் ஏற்கெனவே தயாராக இருந்தால் அதை 20 மடங்காக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். டப் என்று ஒரு சத்தம். தொடர்ந்து நடந்தால் ஊஃபர் காயில் போய்விடும்.

அதனால்தான் ப்ரீஆம்பை முதலிலும் பவர் ஆம்பைக் கடைசியிலும் போட வேண்டும், அணைக்கும்போது பவர் ஆம்பை முதலில் அணைக்க வேண்டும் என்பார்கள். எல்லாருக்கும் தெரிந்த விதிதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மரம் விழுந்து லைன் போய், அரை மணியில் வந்து, திரும்பப் போய், திரும்ப வரும்போது விதியை யார் பார்ப்பது? எல்லாப் பெட்டியும் ஒரே நொடியில் உயிர் பெறும். ஆகவே மலையில் வாங்கும் ப்ரீஆம்பில் மியூட் ரிலே, அதாவது ஒலியைத் தானாகத் துண்டித்து இணைக்கும் ஸ்விட்ச், கட்டாயம் இருக்க வேண்டும். ஸ்விட்ச் போட்டதும் மூன்று நான்கு நொடி அமைதியாக இருந்து, பிறகு உள்ளே டிக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அதுதான் ரிலே. கரன்ட் போன நொடியிலும் அது துண்டித்துவிட வேண்டும். கடையில் பாட்டு ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள். ரிலே இல்லாத பழைய செட் ஏற்கெனவே வாங்கியிருந்தால், கரன்ட் போனதும் எழுந்துபோய் பவர் ஆம்ப் ஸ்விட்சை அணைக்கும் பழக்கம் வேண்டும்.

இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் சைன் வேவ் வகையாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கொயர் வேவில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், ஸ்பீக்கரிலும் கேட்கும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கையும் டிஷ் ஆன்டெனா ஒயரையும் கழற்றிவிடுவதுதான் பாதுகாப்பு.

ம்ம் என்று ஹம் வந்தால் பலரும் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்வார்கள். செய்யாதீர்கள், உயிரோடு விளையாட்டு. எல்லாப் பெட்டிகளையும் ஒரே பிளக் போர்டில் போடுங்கள். டிஷ் ஒயர் சேர்ந்த டிவியைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் ஹம் அங்கிருந்துதான் வரும். பாறை நிலத்தில் எர்த் சரியாக இறங்கியிருக்காது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: ஓதம்

ஷூவிலும் புத்தகத்திலும் பூசணம் பிடிக்கும் ஊரில் வால்யூம் குமிழ் மட்டும் தப்புமா? ஓதம் ஏறினால் கரகர என்று சத்தம் வரும். வாரத்துக்கு ஒருமுறை குமிழ்கள் எல்லாவற்றையும் முழுக்க இப்படியும் அப்படியும் திருப்பிவிடுவதே பாதி மருந்து. மீதிக்கு கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே. திறந்த கரிப் பட்டைக் குமிழைவிட, மூடிய குமிழோ ரிலே மூலம் வால்யூம் மாற்றும் வகையோ மலைக்கு நல்லது. இடது வலது வித்தியாசப் பிரச்சினையும் ரிலே வகையில் இல்லை. ஒயர் மாட்டும் ஆர்சிஏ சாக்கெட் தங்க முலாம் பூசியதாக இருக்கட்டும், இது வெறும் பகட்டு இல்லை, ஓத ஊரில் பயன் உண்டு. வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். ஹீட்டரை எதிரில் வைத்துச் சில்லென்றிருக்கும் பெட்டியைச் சட்டென்று சூடாக்குவதும் வேண்டாம், உள்ளே பனித்துளி பிடிக்கும்.

வாங்கும் நாள்

சொந்தக்காரர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது, பழைய ஜப்பான் செட் என்று கிடைத்தால் பின்னால் என்ன வோல்ட்டேஜ் என்று பாருங்கள். 120, 100 என்று போட்டிருந்தால் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230-ல் செருகினால் புகைதான். பழுது பார்க்க எப்படியும் கோவைக்குத்தான் இறங்க வேண்டியிருக்கும், ஆகவே உள்ளே சாதாரணமாகக் கிடைக்கும் பாகங்கள் உள்ள எளிய ப்ரீஆம்பாகத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

வீட்டுக்கு வந்ததும் அன்றே சோதியுங்கள். பாட்டுப் போடாமல், வால்யூமை நீங்கள் வழக்கமாகக் கேட்கும் இடத்தில் வைத்து நாற்காலியில் உட்காருங்கள். இரைச்சலோ ஹம்மோ காதில் விழக் கூடாது. எழுந்துபோய் ட்வீட்டரில், அதாவது டிரபிள் தரும் சின்னக் கூம்பில், காதை வைத்தால் லேசாகக் கேட்கலாம், பரவாயில்லை. அடுத்து ஒரே குரல் மட்டும் பாடும் பதிவு ஒன்றைப் போட்டு வால்யூமை அடிவரை மெல்ல இறக்குங்கள். குரல் நடுவிலேயே நிற்கிறதா, ஒரு பக்கம் நகர்கிறதா என்று கவனியுங்கள். பிறகு நீங்கள் கேட்கும் அதிகபட்சச் சத்தத்தில் குமிழ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் என்றால் கெயின் சரி. ஒன்பது மணியிலேயே காது அடைத்தால் கெயின் அதிகம். பாட்டு ஓடும்போதே மெயின் ஸ்விட்சை ஒருமுறை அணைத்து, பத்து நொடி கழித்துப் போட்டுப் பாருங்கள். எதிலாவது திருப்தி இல்லையென்றால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். அட்டைப்பெட்டியையும் தெர்மகோலையும் அதுவரை அடுப்புப் பற்றவைக்க எடுத்துவிட வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.